பல் போனால் சொல் மட்டுமா போகும்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிடம் பேசச் சொல்லி மேடையேற்றியிருக்கிறார்கள். மெக்கானிக்கல் படித்தவன் வந்து பல்லைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

2010-ஆம் ஆண்டு, நம் கல்லூரி ஹாக்கி மைதானம். மாலை நேரம், பெனால்டி கார்னர் பயிற்சி. அடித்தவன் நான். கோலுக்குள்ளிருந்து ஓடி வந்து தடுத்தவன் என் அறை நண்பன். பந்து அவன் மட்டையின் விளிம்பில் பட்டு எழும்பி நேராக வாயில் இடித்தது. முன்பல் ஒன்று வேரோடு மண்ணில் விழுந்தது.

அதை எடுத்தவனும் நான்தான். அப்போது எனக்கு என்ன தெரியும்? மண்ணாக இருக்கிறதே என்று குழாயடியில் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். கர்சீப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போய், பல் டாக்டர் முன்னால் உட்காரும்போது இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. டாக்டர் பல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தம்பி, வேரை ஏன் தேய்ச்சீங்க? ஒரு டம்ளர் பால்ல போட்டு அரை மணி நேரத்துல கொண்டு வந்திருந்தா, திரும்ப வச்சுப் பார்த்திருக்கலாமே” என்றார். மைதானத்துக்கும் நம் கேன்டீனுக்கும் நூறு அடி தூரம்தான். பால் அங்கேயே இருந்தது.

அந்த வருடக் குரூப் போட்டோவை வீட்டில் எடுத்துப் பாருங்கள். எல்லோரும் சிரிப்போம், அவன் மட்டும் உதட்டை மூடிக்கொண்டு நிற்பான். கேம்பஸ் இன்டர்வியூவில் கையால் வாயை மறைத்துக்கொண்டே பதில் சொன்னான். சில வருடம் கழற்றி மாட்டும் பல், பிறகு இம்பிளான்ட். ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. “போடா, பல்லுதானே” என்பான். இதைப் பேசட்டுமா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், இப்போது நன்றாகச் சிரிக்கிறான்.

நண்பர்களே, ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். அவ்வளவு கடினமான பந்தை வெறும் பல் தாங்காது. படகு துறையில் முட்டாமலிருக்க நடுவில் பழைய டயரைத் தொங்க விடுகிறார்களே, மவுத் கார்டு செய்கிற வேலையும் அதுதான். அடி விழும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது. ஒரு பல்லில் விழும் விசையைப் பல பற்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. முதல் வருடம் படித்த இம்பல்ஸ் பாடம் நினைவிருக்கிறதா? பரீட்சையோடு மறந்துவிட்டோம்!

இது புதுச் சரக்கும் அல்ல. நூறு வருடத்துக்கு முன்பே லண்டனில் குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பல் வைத்தியர்கள் செய்து கொடுத்தது. இன்று பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் வருகிறது. மூன்று வகை உண்டு. ஒன்று, அப்படியே வாங்கி மாட்டுவது. சரியாகப் பொருந்தாது, பேசவும் மூச்சு விடவும் கஷ்டம். இரண்டாவது, வெந்நீரில் இளக்கி வாயில் வைத்துக் கடித்து வடிவமாக்குவது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மூன்றாவது, பல் டாக்டர் அளவெடுத்து அச்சு வார்த்துச் செய்வது. விலை கூட, ஆனால் அதுதான் சிறந்தது. பல்லில் கம்பி கட்டியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாட்டக் கூடாது.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். நியூசிலாந்தில் 1998 முதல் உள்நாட்டு ரக்பி ஆட்டங்களில் இதைக் கட்டாயமாக்கினார்கள். 1995-க்கும் 2003-க்கும் இடையில் ரக்பியால் வந்த பல் காய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்தன. சர்வதேச ஹாக்கி விதிப் புத்தகமும் வாய்க்காப்பு அணியும்படி பரிந்துரைக்கிறது. ஆனால் ஒன்று: இது பல்லுக்கும் உதட்டுக்கும் காவல், தலையில் அடிபட்டால் மூளை அதிர்ச்சி வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2024 முதல் உயர்நிலை ரக்பியில் சென்சார் வைத்த மவுத் கார்டு வந்திருக்கிறது. அது அதிர்ச்சியை அளந்து சொல்லும், தடுக்காது.

அப்படியும் பல் விழுந்துவிட்டால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். வேரைத் தொடாமல் மேல் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் லேசாக அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்பப் பொருத்திக் கர்சீப்பைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஆறின பாலில் போட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். காய்ந்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் செத்துவிடும். ஆனால் குழந்தைகளின் பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சென்ற வாரம் மைதானத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் காலில் பேட் கட்டியிருக்கிறார்கள், வாயில் ஒன்றும் இல்லை. ஆண்டுதோறும் ஷீல்டு கொடுக்கிறோம், விருந்து வைக்கிறோம். இந்த வருடம் நம் ஹாக்கி அணிகள் இரண்டுக்கும் மவுத் கார்டு வாங்கும் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. கபடிக்கும் கூடைப்பந்துக்கும் வேறு பேட்சுகள் முன்வர வேண்டும். கேன்டீன் சுவரிலும் மைதான ஷெட்டிலும் முதலுதவி முறையை எழுதி வைக்க முதல்வர் அனுமதிக்க வேண்டும்.

நாளைக் காலை சீனியர் – ஜூனியர் ஆட்டம் இருக்கிறது. தொப்பை வைத்துவிட்டாலும் நானும் இறங்குகிறேன். இம்முறை நானும் என் நண்பனும் வாயில் மவுத் கார்டு போட்டுத்தான் வருவோம். பெனால்டி கார்னர் கிடைத்தால் அடிக்கப் போவது அவன். தடுக்க ஓடி வரப் போவது நான். கணக்கைத் தீர்த்துக்கொள்ளட்டும்!