ஹாலந்தின் சைக்கிள் பாதை: கேட்டு வாங்கியதா, தானாக வந்ததா?
(பொதுக்கூட்ட உரை)



ஹாலந்து தேசத்தில் சைக்கிளுக்கென்றே சுமார் 35,000 கிலோமீட்டர் தனிப்பாதை இருக்கிறது. "அது மேடுபள்ளமில்லாத நாடு, அதனால்தான்!" என்று நமக்கு விளக்கம் சொல்லுகிறவர்கள் உண்டு. 1960-களிலும் அதே தரைதானே? காருக்காக சாலைகளை அகலப்படுத்த, சைக்கிள்காரன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான்!

1971-ல் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் மாண்டவர்கள் சுமார் 3,300 பேர். 400-க்கு மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-ல் கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று: "குழந்தைக் கொலையை நிறுத்து!" விபத்து என்று சொல்லவில்லை, கொலை என்றார்கள். இதை நாம் கவனிக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் டி பெய்ப் என்ற நெரிசலான தொழிலாளர் பேட்டையில் குழந்தைகளே தெருவை மறித்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. சர்க்காரே ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத்தைத் தடை செய்தது. 1975-ல் சைக்கிள்காரர்கள் தமக்கென்று சங்கம் கண்டார்கள். ஹேக், டில்பர்க் நகரங்களில் சர்க்கார் பணத்தில் மாதிரிப் பாதைகள் போட்டது இந்த நெருக்குதலுக்குப் பிறகுதான்.

டென்மார்க்கிலும் ஆயிரமாயிரம் பேர் சைக்கிளோடு ஊர்வலம் போனார்கள்.

பிரிட்டனில்? ஸ்டீவனேஜ் புதுநகரில் அருமையான பாதை போட்டார்கள். கூடவே காருக்கும் தங்குதடையற்ற சாலை! சைக்கிள் பெருகவில்லை. இன்று ஹாலந்தில் நூறு பயணத்தில் கால்வாசிக்கு மேல் சைக்கிளில், பிரிட்டனில் இரண்டு.