எண்ணை மட்டும் படித்தால் போதாது

(குமரி மாவட்ட ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுவரில் மாட்டும் ஒரு பித்தளை வார்ப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைப் பார்த்து நான் செய்த தவறைப் பற்றியும்தான்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் துணிப்பையில் கனமாக எதையோ தூக்கி வந்தான். நோட்டுப் புத்தக அளவில் ஒரு பித்தளை வார்ப்பு. நடுவில் சங்கு, இரு பக்கமும் யானைகள். அடியில் 1099 என்ற எண் புடைப்பாக இருந்தது. முந்தின இரவே புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தான்.

"சார், இதுக்கு ஆயிரம் வருசம் ஆகப்போகுது" என்றான்.

அது கி.பி. 1099 அல்ல என்று விளக்கினேன். சங்கும் யானைகளும் திருவிதாங்கூர் அரசின் சின்னம். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை நம் பகுதியில் கொல்லம் ஆண்டுதான் பரவலாக வழங்கியது. அந்த ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ம், ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825-ம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆகவே கொல்லம் 1099 என்பது 1923 ஆகஸ்ட் முதல் 1924 ஆகஸ்ட் வரை. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தைக் கேரளத்தில் இன்றும் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்பது இதனால்தான்.

கணக்குச் சரி. அந்த உற்சாகத்தில், மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில், "நம் மாணவன் வீட்டில் நூறாண்டுப் பழமையான பொருள் இருக்கிறது" என்று அறிவித்துவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அன்று மாலையே அவனுடைய அப்பா வந்தார். கொஞ்சம் கடன் இருக்கிறது. பழைய பாத்திரக்காரர் எடை போட்டு விலை சொல்லியிருக்கிறார். "நூறு வருசம்னு நீங்களே சொல்லிட்டீங்க சார். எவ்வளவு கேக்கலாம்?" என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. பொருளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அதற்கு வயது சொல்லியிருந்தேன்.

மறுநாள் அறிவியல் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். மாணவர்களே சோதித்தார்கள். காந்தம் ஒட்டவில்லை, எனவே இரும்பு அல்ல. எடை 2,100 கிராம். விளிம்புவரை நீர் நிறைத்த வாளியில் மெல்ல இறக்கி, வழிந்த நீரை அளந்தோம்: 248 மில்லி லிட்டர். வகுத்தால் ஏறத்தாழ 8.5. பித்தளையின் அடர்த்தி அந்த அளவில்தான் இருக்கும். வார்ப்பிரும்பு என்றால் 7.2 அளவிலும், அலுமினியம் என்றால் 2.7 அளவிலும் வந்திருக்கும். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை அந்த வகுப்பு இனி மறக்காது.

உலோகம் தெரிந்துவிட்டது. ஆனால் உலோகம் வயதைச் சொல்லாது. பித்தளை அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். பல காலம் கைபட்டும் துடைத்தும் தேய்ந்த பொருளில் மேடான இடங்கள் மழுங்கியிருக்கும். பள்ளங்களில் வேலைப்பாடு கூர்மையாகவே இருக்கும். இதில் யானையின் கால் இடுக்குகூட மழுங்கியிருந்தது. எண்ணின் ஓரங்களும் அப்படியே. இது நகல் வார்ப்பின் அடையாளம். பழைய பொருள் ஒன்றை மணலில் அழுத்தி அச்செடுத்து, அதில் உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். நுண்ணிய வேலைப்பாடு அச்சில் முழுதாக விழாது. ஆறும்போது உலோகம் சுருங்குவதால் நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாகவும் இருக்கும். மூலத்தில் உள்ள ஆண்டு மட்டும் நகலில் அப்படியே வந்துவிடும்! பள்ளங்களில் படிந்த களிம்பும் ஒரு சாட்சி; அதைத்தான் புளி கரைத்துவிட்டது.

சந்தேகத்தோடு மாணவனின் வீட்டுக்குப் போனேன். ஆச்சி திண்ணையில் இருந்தார். விசாரித்ததும் சிரித்துவிட்டார். "இதுவா சாரே? எனக்குக் கல்யாணம் முடிஞ்ச மறுவருசம் சுசீந்திரம் தேருக்குப் போனப்ப அவிய வாங்கிட்டு வந்தாவ. அன்னைக்கு வாசல்ல மாட்டினதுதான்."

ஆச்சிக்கு எழுபது வயது கடந்திருக்கும். ஆக, இதற்கு ஐம்பது வயதை ஒட்டித்தான் இருக்கும். நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டிருக்கிறேன்.

அப்பாவின் முகம் வாடியது. அவருக்கு இல்லாத நம்பிக்கையைக் கொடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அடுத்த காலை வணக்கக் கூட்டத்திலும் என் தவறைச் சொன்னேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சான்று மாறினால் முடிவும் மாற வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு வேறு எப்படிக் கற்பிப்பது?

நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் நாளை ஒரு குழந்தை இப்படி ஒரு பொருளைக் கொண்டுவரலாம். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். தேய்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பின்பக்கம், மாட்டும் துளை, ஓரம், எடை எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு பொறித்திருந்தால் அதையும் ஒரு சாட்சியாக மட்டும் கொள்ளுங்கள். அதுவே தீர்ப்பு அல்ல. விலையை மட்டும் நாம் சொல்ல வேண்டாம். உண்மையிலேயே பழையது என்று தோன்றினால், கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ கருத்துக் கேட்கச் சொல்லலாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகும். உலோகச் சிற்பம் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

அந்த வார்ப்பு எடைக்குப் போகவில்லை. "அவிய மாட்டின இடத்துலயே இருக்கட்டும்" என்று ஆச்சி சொல்லிவிட்டார். வாசலில் அதை மாட்டிய பேரன் மறுநாள் வகுப்பில் என்னிடம் கேட்டான்: "இது நகல்னா, அசல் எங்க சார் இருக்கும்?"

'ஆயிரம் வருசம்' என்று ஓடி வந்த அதே பையன்தான். அசலை இப்போது நாங்கள் இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.