பூப்பல்லக்குக்கு வட்டி

பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தோழர்களே, முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டே தூங்கும் நண்பர்களே!

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே 'எளிய தகனம்' என்று அச்சடித்துவிட்டார்கள். வீட்டில் அதைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "ஏங்க, டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா? எங்கிட்ட மறைக்காதீங்க." இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குள் பேசிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

நம் ஊர் எரிவாயு தகன மேடையில் ஓர் அண்ணன் இருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லமாட்டேன். காக்கிச் சட்டை, தோளில் ஈரத்துண்டு. இங்கே இருக்கிற பாதிப்பேர் அவர் எதிரே போய் நின்றிருப்பீர்கள். முகம் நினைவிருக்கிறதா? இருக்காது. அன்றைக்கு யார் அவர் முகத்தைப் பார்த்தது? அவரைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். அதற்கு முன்னால் என் அப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா தறி ஓட்டியவர். "நான் போனா சத்தமில்லாம கொண்டுபோய் வச்சுட்டு, வந்து குளிச்சுட்டுச் சாப்பிடுங்கடா" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். 1996, ஐப்பசி அடைமழையில் போய்விட்டார். அடுத்த அரைமணியில் ஒரு மாமா வந்தார். சாவு வீட்டுக்கென்றே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார். கல்யாணத்தில் மொய் எழுதும் இடத்தில் மட்டும் அவரைக் காணமுடியாது. வந்தவர் என் தோளில் கைபோட்டார். "மாப்ளே, அநாதைப் பொணம் மாதிரியா எடுக்கப் போறே? ஊரே பாக்குதுடா."

ஊரே பாக்குது. இந்த இரண்டு வார்த்தைக்கு மூன்றரைப் பவுன் போயிற்று. என் பவுன்கூட இல்லை, அக்கா கழுத்துச் சங்கிலி. அடகுக்கடைக்காரர் துக்கம் விசாரித்துக்கொண்டே எடை போட்டார்.

பந்தல், பேண்டு செட்டு, பூப்பல்லக்கு, தெருமுனைக்குத் தெருமுனை சரவெடி. மழையில் பாதி வெடி வெடிக்கவே இல்லை, அதற்கும் சேர்த்துத்தான் காசு. விறகு நனைந்து கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, டயர் போட்டு, நான் அதைப் பார்க்கக் கூடாது என்று என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். பூ அன்றைக்குச் சாயங்காலமே வாடிப்போச்சு, ஐயா. வட்டி ஏழு வருசம் வாடவே இல்லை!

தட்டாதீர்கள், தட்டினால் கதை மறந்துவிடும். இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை. நம்மூரில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும் அல்லவா? அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். அவள் சங்கிலி சுடுகாடு வரைக்கும் போயிற்று. அவள் போகவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். விறகு அடுக்கி எரித்தால் முந்நூறு, நானூறு கிலோ, ஆள் கொஞ்சம் கனமாக இருந்தால் ஐந்நூறு. நம் பக்கம் வறட்டி அடுக்கி, வைக்கோல் போட்டு, களிமண் பூசி மூடுவார்கள். ராத்திரி முழுக்க வேகும், மறுநாள் போய்ப் பால் தெளிப்போம். எரிவாயு மேடையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். உங்கள் டீக்கடையில் இருக்கிறதே 19 கிலோ சிலிண்டர், அதே ஜாதிதான். காத்திருந்து சாம்பலைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சென்னை மாநகராட்சி மயானத்தில் அதற்குக் கட்டணமே கிடையாது. மற்ற ஊர்களில் ஏதோ ஒரு தொகை வாங்குகிறார்கள். உங்கள் மாமா சொல்லும் பூப்பல்லக்கின் ஒரு கால்கூட அந்தக் காசுக்கு வராது.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்திருப்பார்: "வழக்கம்னு ஒண்ணு இருக்குங்களே?" எந்த வழக்கம், ஐயா? ஆதிச்சநல்லூரில் தோண்டினால் தாழி, கீழடிக்குப் பக்கத்திலே கொந்தகையில் தோண்டினால் தாழி. புறநானூற்றில் ஒரு பெண் குயவரிடம் போய், தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய்யுங்கள், எனக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்று கேட்கிறாள். மணிமேகலை ஒரே சுடுகாட்டில் ஐந்து வழக்கத்தைக் காட்டுகிறது: எரிப்பவர், வெறுமனே போட்டுவிட்டு வருபவர், குழியில் புதைப்பவர், தாழ்ந்த அறைக்குள் வைத்து அடைப்பவர், தாழியால் மூடுபவர். ஐந்தும் அடுத்தடுத்து நடக்கிறது, யாரும் யாரையும் அடிக்கவில்லை. சரவெடியை நான் அதில் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

பாரதி 1921 செப்டம்பரில் போனார், திருவல்லிக்கேணி கிருஷ்ணாம்பேட்டை மயானம். கூட இருபது பேருக்குள்தான். அந்த எண்ணிக்கையை எங்களைப் போன்ற பேச்சாளர்கள் மேடைக்கு மேடை குறைத்துக்கொண்டே வருகிறோம். ஒருவர் பதினான்கு என்பார், அடுத்தவர் பதினொன்று என்பார். இன்னும் கொஞ்ச நாளில் பாரதியே தனியாக நடந்து போனார் என்று சொல்லிவிடுவோம். ஆனால் அவர் பாடையில் எத்தனை முழம் பூ இருந்தது என்று இந்த நூறு வருசத்தில் ஒருத்தராவது கேட்டிருக்கிறோமா?

சீட்டு வந்திருக்கிறது. 'ஐந்து நிமிடம்' என்று எழுதியிருக்கிறார்கள். எங்கிருந்து ஐந்து நிமிடம் என்று எழுதவில்லை. இருக்கட்டும்.

போஸ்டருக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது. கண்ணீர் அஞ்சலி! செத்தவர் படம் தபால்தலை அளவு. அஞ்சலி செலுத்துகிறவர் படம் ஆளுயரத்துக்கு, கூலிங்கிளாஸோடு. தூரத்திலிருந்து பார்த்தால் யார் போனது என்றே தெரியாது. போன மாதம் ஒரு பாட்டி அந்த போஸ்டரைப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்த புள்ளையாச்சே, என்னப்பா ஆச்சு?" என்று அழுதேவிட்டார். அந்தப் பிள்ளை பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்! யார் என்று கேட்காதீர்கள். நான் யாரையும் சொல்லவில்லை. சொல்லாமலே அங்கே மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் எழுந்து போகிறார்கள், வழி விடுங்கள்.

இவர்கள்தான் நம் எரிவாயு மேடை கட்டும்போது மறியல் செய்தவர்கள். புகை வரும், பிள்ளைகள் பயப்படும், மனை விலை விழும் என்றார்கள். முன்னால் நின்று கோஷம் போட்டவர் வீட்டிலேயே ஒரு துக்கம் வந்தது. இரவு பதினொன்றரைக்கு அண்ணனுக்குப் போன்: "காலையில் முதல் ஆளா வச்சுக் கொடுங்க." அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "ஏழரைக்கு வந்துடுங்க. கையில மோதிரம் இருந்தா வீட்டிலேயே கழட்டிடுங்க. நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருந்தா இப்பவே சொல்லுங்க, எடுக்கணும், உள்ளே வெடிக்கும்." அவ்வளவுதான். நானாக இருந்தால் மறியலைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன். அதனால்தான் நான் மைக் முன்னால் இருக்கிறேன், அவர் அங்கே இருக்கிறார்.

இன்னொரு நாள் சாம்பலைக் கிளறும்போது ஓர் இரும்புத் துண்டு வந்தது, ஆணியும் தகடுமாக. இடுப்பெலும்பில் வைத்தது. அண்ணன் அதைத் துடைத்துத் தாளில் மடித்து மகளிடம் கொடுத்தார். அந்தப் பெண் பிரித்துப் பார்த்து, அழுதுகொண்டே சிரித்தது: "இதுக்கு நாங்க இன்னும் தவணை கட்டிட்டிருக்கோம், அண்ணா."

சிரிக்கிறீர்கள். இப்போது சிரிக்க முடியாத ஒன்று. 2019இல் வாணியம்பாடிப் பக்கம், சுடுகாட்டுக்குப் போக வழி விடவில்லை என்று, பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஒரு தலித்தின் உடலை ஆற்றுக்குள் இறக்கினார்கள். வீடியோவை நாடே பார்த்தது. பாடையில் படுத்த பிறகும் சாதி பார்க்கிற ஊர்களில் இன்றைக்கும் இரண்டு சுடுகாடு, மூன்று சுடுகாடு. நம் மேடைக்கு ஒரே கதவு. எண்ணூறு டிகிரி சூட்டில் உள்ளே வைக்கிற அந்த அண்ணன் நம் யாரிடமாவது, நீங்கள் என்ன ஆளுங்க என்று கேட்டிருக்கிறாரா? அவரிடம் நாம் கேட்டிருக்கிறோம். அது எனக்குத் தெரியும்.

அம்மா 2014இல் போனார்கள், அரசு மருத்துவமனையில். 155377க்கு அடித்தோம். அமரர் ஊர்தி வந்தது, பைசா வாங்கவில்லை. குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, ஐந்து, ஐந்து, மூன்று, ஏழு, ஏழு. மேடையில் 2,200 ரூபாய்க்கு ரசீது கொடுத்தார்கள். ஒரு மாலை, ஒரு கட்டி சூடம், ஒரு முழக் கோடித் துணி. இறப்புச் சான்றுக்கு 21 நாளுக்குள் பதிந்துவிட்டோம், அதற்கும் காசில்லை.

மாமா இருந்தார், எண்பது வயதில், இந்த முறை ஒன்றும் பேசவில்லை. வண்டியிலிருந்து அக்கா இறங்கினாள். அவரால் பொறுக்க முடியவில்லை. "பொம்பளைங்க உள்ளே வரலாமா?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வரலாம்னுதானே நாற்காலி போட்டிருக்கு."

அக்கா சூடத்தை ஏற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன். கதவு ஏறி இறங்கியது. ஒன்றரை மணி நேரம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் சங்கிலி இருந்தது, ஏழாம் வருசம் மீட்டுக் கொடுத்தது. அண்ணன் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

இரண்டாவது சீட்டும் வந்துவிட்டது. முடித்துக்கொள்கிறேன். இந்தக் கூட்டத்துக்கு வாருங்கள், பொன்னாடை போர்த்துகிறோம் என்று காலையில் அவரைக் கூப்பிட்டேன். "சாயங்காலம் ஒண்ணு இருக்கு சார். அவங்க ஆளுங்க வெளியூர்ல இருந்து வரணுமாம். சாம்பலைக் கொடுத்துட்டு, குளிச்சுட்டு வர்றேன்" என்றார். மணி எட்டேகால். மூன்றாவது வரிசையில்தான் இரண்டு நாற்காலி காலியாகிவிட்டதே, அதில் ஒன்றில் யாரும் உட்கார்ந்துவிடாதீர்கள்.