முகாம் முடிந்த பிறகு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்லூரிகள் நம்மைப் போன்ற குடியிருப்புகளுடன் இணைந்து செய்யும் பணிகளை எவ்வாறு மதிப்பிடுவது என்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நம் நாட்டில் இதற்கு முதன்மையான சான்று நாட்டு நலப்பணித் திட்டம். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் அது தொடங்கப்பட்டது. தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டுகள் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. ஒரு கிராமத்தையோ குடிசைப் பகுதியையோ தத்தெடுப்பது வழக்கம். (தத்தெடுத்தல் என்னும் சொல் எனக்கு உவப்பானதன்று, நாம் குழந்தைகள் அல்லர்.)

இவையனைத்தும் மாணவர் தரப்பின் கணக்கு என்பதைக் கவனியுங்கள். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் அமைப்பும் எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை மாணவர்கள் என்றே பெரிதும் கேட்டு வந்துள்ளது. தெருவில் என்ன மாறிற்று என்று தெருவாசியைக் கேட்பார் அரிது.

அதே 1969இல் அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்னும் அம்மையார் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். அடிப்படிகளில் மக்கள் பெயரளவுக்கே இருப்பர். நடுப்படிகளில் அவர்களிடம் கருத்துக் கேட்பர். ஆறாம் படியில்தான் கூட்டுறவு தொடங்குகிறது.

வியாசர்பாடியில் இது ஏட்டுப் பேச்சன்று. சிறப்பு முகாம்கள் பெரும்பாலும் விடுமுறையில் நடைபெறும். வடகிழக்குப் பருவமழையோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கோடையில் வந்து கேப்டன் காட்டன் கால்வாயைப் பார்க்கும் மாணவருக்கு அது தேங்கிய சாக்கடையாக மட்டுமே தெரியும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைப் பக்கத்துத் தெருப் பெரியவரே அறிவார். அவர் கேள்வித்தாளுக்கு விடை சொல்பவர் மட்டுமா, கேள்விகளை வகுப்பதிலும் அவருக்கு இடமுண்டா? கூட்டுறவை உரைத்துப் பார்க்கும் கல் அதுவே. டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி நம் பகுதியிலேயே உள்ளது. நம் தெருப் பிள்ளையே தொண்டராக வந்தால், முகாம் முடிந்த பிறகும் அவர் நம்மிடையே இருப்பார்; வந்துபோகும் நூறு பேரினும் அவ்வொருவர் பயன்தருவார்.

இன்னொன்று. வீடுவீடாகக் கணக்கெடுக்க வருவோரிடம் நம் பெண்கள் தம் நோயையும் கடனையும் மனம் திறந்து சொல்கின்றனர். அதன் முடிவு தமிழில் திரும்பி வந்து நம் முன் வாசிக்கப்படாவிடில், நடந்தது தகவல் சேகரிப்பே.

ஆகவே ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்க வேண்டுகிறேன். வந்த கல்லூரி, கேட்ட தகவல், அளித்த வாக்குறுதி, ஓராண்டுக்குப் பின் எஞ்சி நிற்பது ஆகியவற்றை அதில் எழுதலாம். எழுதும் பொறுப்பை நம் பெண்களில் இருவருக்கும், கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளில் இருவருக்கும் அளியுங்கள். ஆண்டிறுதியில் அதன் நகல் ஒன்று உரிய கல்லூரி முதல்வருக்கும் செல்லட்டும்.