தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கினால் மேல்மாடிக்கு நீர் வருமா?

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய தீர்மானம் உங்களுக்குத் தெரியும். நான்காம் மாடியில் ஷவர் சொட்டுகிறது. அதனால் மொட்டைமாடித் தொட்டியை 20,000 லிட்டரிலிருந்து 40,000 ஆக்கலாம் என்கிறோம். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். கையைத் தூக்குவதற்கு முன் தண்ணீரின் மூன்று குணங்களைக் கேட்டுவிடுங்கள்.

முதலாவது அடர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20,000 லிட்டர் கூடினால் 20 டன் கூடுகிறது. தொட்டியின் சொந்த எடை தனி. நம் கூரையும் தூண்களும் அதைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து எழுதித் தராமல் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது.

இரண்டாவது அழுத்தம். 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி. மைல் கணக்கில் பரந்து கிடக்கும் நீர்த்தேக்கம் அது. முழுதாக நிரம்பும்போது 120 அடி ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நீர் தரும் அழுத்தம் சுமார் 3.6 கிலோ. 120 அடி தண்ணீர் நிற்கும் ஒரு போர்வெல் குழாயின் அடியிலும் அதே 3.6 கிலோதான்! ஏனென்றால் அழுத்தம் நீரின் ஆழத்தைப் பார்க்கும், பரப்பைப் பார்க்காது. சுமார் 33 அடிக்கு ஒரு கிலோ என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தொட்டியின் அடிமட்டத்துக்கும் நான்காம் மாடி ஷவருக்கும் இடையே உயரம் 7 அடிதான். அழுத்தம் 0.2 கிலோ. தரைத்தளத்துக்கு 47 அடி, 1.4 கிலோ. தொட்டியை அகலமாக்கினால் இந்தக் கணக்கில் எதுவும் மாறாது. மின்வெட்டு நாளில் தண்ணீர் கூடுதலாக இருக்கும், அவ்வளவே.

மூன்றாவது பாகுநிலை. நல்லெண்ணெய் மெதுவாக ஊற்றுகிறது, தண்ணீர் சட்டென்று ஊற்றுகிறது அல்லவா? தண்ணீருக்கு இந்தக் குணம் குறைவு, இல்லாமல் இல்லை. புது ஆற்றுப் பாலத்தில் நின்று பாருங்கள். நடு ஆற்றில் போகும் இலை வேகமாகப் போகும், கரையோரத்து இலை தயங்கும். கரையை ஒட்டிய நீரைக் கரை பிடித்து நிறுத்துகிறது; அது பக்கத்து நீரையும் இழுக்கிறது. குழாயிலும் இதே கதைதான். நம் போர்வெல் உப்புநீர் ஜி.ஐ. குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் படிந்து துவாரத்தைச் சுருக்கியிருக்கிறது. துவாரம் பாதியானால், அதே உயரத்தில் வரும் தண்ணீர் பாதியாவதில்லை. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும்.

டெல்டாக்காரர்களுக்குக் கடைமடைக் கஷ்டம் புதிதல்ல. மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைசி வயலுக்கு எட்டாது. அங்கே அணையை உயர்த்துங்கள் என்று யாரும் கேட்பதில்லை, வாய்க்காலைத் தூர்வாருங்கள் என்றுதான் கேட்கிறோம். நம் கட்டடத்தில் கடைமடை மேல்மாடியில் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். முதலில் நான்காம் மாடிக் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள், அடைத்திருந்தால் மாற்றுங்கள். அடுத்து, அந்த மாடிக்கு மட்டும் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இறக்குங்கள். அப்போதுதான் கீழே நான்கு வீட்டில் ஒரே நேரம் குழாய் திறந்தாலும் மேலே நிற்காது. அதற்கும் போதவில்லை என்றால் அந்தக் குழாயில் ஒரு சிறிய பிரஷர் பம்ப். தொட்டியைக் கடைசியாகப் பேசுவோம்.

கீழ்வீட்டில் இருப்பவன் நான். எனக்குத் தண்ணீர் நன்றாகவே வருகிறது. ஆனாலும் மேல்வீட்டு அம்மா வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக் குளிப்பதும் நம் சங்கத்தின் பிரச்சினைதான். பணத்தைச் சரியான இடத்தில் போடுவோம்.