நிலைக்கும் இன்பம்



இன்பம் வேண்டாதார் எவரும் இலர். எவ்வின்பம் நிலைக்கும் என்பதே வினா. விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் தார்நாகாவிலேயே அது உள்ளது.

1918-இல் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வகமே 1958-இல் ஐதராபாத்துக்கு வந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. நம்மைப் போல் அதுவும் தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்ததன்றோ! சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் அதன் தலைவராய் விளங்கினார். வைட்டமின் ஏ குறைவால் ஏழைக் குழந்தைகள் கண்ணிழப்பதைத் தடுக்க, ஆறு திங்களுக்கு ஒருமுறை அச்சத்தைப் பேரளவில் ஊட்டும் முறையை அங்குள்ள அறிஞர் ஆராய்ந்து கண்டனர். 1970-இல் அது நாடளாவிய திட்டமாயிற்று. கோபாலன் நூறாண்டு வாழ்ந்து 2019-இல் மறைந்தார். அவர் பணியின் பயன் மறையவில்லை.

மறுபுறம் நோக்குவோம். 1998-இல் தில்லியில், பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு பலர் மாண்டனர். கலப்படம் செய்வோனுக்கும் உணவைப் பற்றிய அறிவு உண்டு, அறம் இல்லை. அவன் பெறும் இலாபம் சில நாள் இனிக்கும். ஆயினும், தான் விற்கும் எண்ணெயைத் தன் பிள்ளைக்கு வார்க்க அவன் துணிவானோ? யாரேனும் கதவைத் தட்டினால் அவன் நெஞ்சு நடுங்காதோ?

எனவே, பிள்ளைகளிடம் "எவ்வளவு ஈட்டினாய்?" எனக் கேட்குமுன், "என்ன கற்றாய்? யாருக்குப் பயன்பட்டாய்?" எனக் கேட்போமாக. அச்சமின்றி உறங்க வைக்கும் இன்பம் அதுவே.