அமெரிக்க அடிமையும் செங்கல்பட்டுப் படியாளும்

(தாம்பரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



அமெரிக்காவில் அடிமைத்தனம் ஏற்பட்ட விதத்தையும் ஒழிந்த விதத்தையும் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். அமெரிக்கா எங்கே, தாம்பரம் எங்கே, அவ்வூர்ச் சங்கதி நமக்கெதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படி நினைப்பவர்கள் நம் பக்கத்திலிருக்கும் சென்னைக் கோட்டையின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும். 1687 முதல் 1692 வரை அங்கே எலிஹு யேல் என்பவர் கவர்னராயிருந்தார். அவர் பிற்காலத்தில் அனுப்பிய புத்தகங்களையும் துணி மூட்டைகளையும் பெற்றுக்கொண்ட ஓர் அமெரிக்கக் கல்லூரி 1718-ல் அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. யேல் சர்வகலாசாலை என்று உலகமெல்லாம் புகழும் கல்விச்சாலை அதுதான். அந்தக் காலத்துச் சென்னையிலோ, பஞ்சத்தில் அடிபட்டவர்களும் திருடிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளும் துறையில் விலையாகிக் கப்பலேறினார்கள். செயின்ட் ஹெலினா தீவுக்கு அடிமைகளை ஏற்றியனுப்பக் கோட்டைக் கவுன்சிலாரே உத்தரவு போட்டார்கள். ஆகவே இது தூரதேசத்துக் கதையல்ல.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1619-ல் விர்ஜீனியாவில் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களைக் கப்பலிலிருந்து இறக்கி விற்றார்கள். 1662-ல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பதே அது. தகப்பன் எஜமானனாகவே இருந்தாலும் பிள்ளை அடிமைதான்! பிறப்பினாலேயே ஒருவன் கீழானவன் என்பதற்கு வெள்ளைக்காரன் சட்டம் எழுத வேண்டியிருந்தது. நம் நாட்டிலோ அதைச் சாஸ்திரமாகவே எழுதி வைத்திருந்தார்கள். 1776-ல் மனிதர் யாவரும் சமம் என்று சுதந்திரப் பிரகடனம் எழுதிய ஜெபர்சன், தம் ஆயுளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாயிருக்கும் பெரிய மனிதர்களை நாமும் பார்த்திருக்கிறோமாதலால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1793-ல் பஞ்சிலிருந்து கொட்டை நீக்கும் யந்திரம் வந்தது. பருத்தி விளைச்சல் பெருகிற்று. அதோடு அடிமை விலையும் ஏறிற்று. 1860-ல் அங்கே அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம் பேர்.

இவ்வளவுக்கும் பாதிரிகளில் பலர், நோவா தன் பேரனுக்கு இட்ட சாபத்தை எடுத்துக்காட்டி நியாயம் சொன்னார்கள். இங்கே பூர்வஜன்ம கர்மம் என்றார்கள். சவுக்கை விட இந்தப் பேச்சே அதிக வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம். அடிபடுகிறவன் திருப்பிக் கேட்டுவிடக் கூடாதல்லவா?

நிற்க. நம் ஜில்லாவுக்கு வருகிறேன். செங்கல்பட்டுச் சீமையில் படியாள் என்றால் படியால் அளந்த தானியத்தைக் கூலியாகப் பெற்று, பட்ட கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாய் மிராசுதாரரிடம் கட்டுண்டு கிடந்தவன். அநேகமாய்ப் பறையர் எனப்பட்ட சமூகத்தார். கம்பெனி சர்க்கார் இதையெல்லாம் அறியாமலில்லை. மலையாளத்தில் சர்க்கார் நிலத்து அடிமைகளைக் கொண்டு தாங்களே வருமானம் வாங்கி வந்தார்கள். வருஷத்துக்கு 927 ரூபாய் சொச்சமான அந்த வரும்படியை 1836-ல்தான் தள்ளுபடி செய்தார்கள். 1833-ல் இங்கிலாந்து பார்லிமெண்டு அடிமைத்தனத்தை ஒழித்துச் சட்டம் செய்தபோது அடிமைகளின் சொந்தக்காரர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. அடிமைப்பட்டவனுக்கு ஒரு காசு இல்லை. அந்தச் சட்டமும் கம்பெனியின் இந்தியாவுக்கு மட்டும் செல்லாதென்று விலக்கப்பட்டது. கடைசியில் இங்கே 1843-ல் வந்த 5-வது ஆக்ட், "அடிமை மேலுள்ள பாத்தியதையைக் கோர்ட்டு ஏற்காது" என்கிற மட்டில் நின்றது; "இன்று முதல் நீ சுதந்திரன்" என்று யாருக்கும் சொல்லவில்லை. கோர்ட்டையே பார்த்திராத படியாளுக்கு இந்தச் சேதி எந்த வழியில் போய்ச் சேரும்? அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றது 1862-ல் அமுலுக்கு வந்த பீனல் கோடுதான்.

அமெரிக்காவிலோ யுத்தம் நடந்தது. 6 லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் மடிந்தன. 1863 ஜனவரி முதல் தேதி லிங்கன் விடுதலைப் பிரகடனம் செய்தார். 1865 டிசம்பரில் 13-வது திருத்தத்தால் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. மராட்டியத்தில் ஜோதிராவ் புலே தம் "குலாம்கிரி" நூலை 1873-ல் வெளியிட்டு, அடிமைகளை விடுவித்த அந்த அமெரிக்க ஜனங்களுக்கே சமர்ப்பணம் செய்தார். ஜாதியையும் அடிமைத்தனத்தையும் ஒரே தராசில் வைத்து எடைபோட்ட மனிதர் அவர்.

ஆனால் விடுதலையானவன் எங்கே குடியிருப்பது, எதைத் தின்பது? 1865 ஜனவரியில் ஷெர்மன் என்ற சேனாபதி, கடற்கரை நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை கறுப்பருக்குக் கொடுக்க உத்தரவிட்டார். லிங்கன் கொலையுண்ட பின் வந்த ஜனாதிபதி ஜான்சன், அதே வருஷத்திலேயே அந்நிலங்களைப் பழைய எஜமானர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விடுதலையானவர்கள் மறுபடி வாரத்துக்கு உழுது கடனில் விழுந்தார்கள்.

இங்கேயும் கதை அதுவே. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர், பறையர் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசையின் மனையும் மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டே ஓட வேண்டியதுதான். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போட்டாலோ மிராசுதாரருக்கே முதல் பாத்தியதை என்ற நிலைமையை அவர் எடுத்துக் காட்டினார். ரெவினியூ போர்டார் மனமில்லாமல் இழுத்தடித்தும், 1892-ல் சர்க்கார் உத்தரவு பிறந்து, ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. வேறு ஜாதியாருக்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட இந்த நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் பல ஊர்களில் கைமாறிப் போயிற்று. அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில், இதே செங்கல்பட்டுச் சீமையின் காரணையில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள்.

1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்துவிட்டது. அதற்கு 43 வருஷம் கழித்து, 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம்வெட்டும் இடங்களிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொத்தடிமைகளென்று அதிகாரிகள் மீட்டார்கள். அற்பக் கடனுக்காகப் பிள்ளைகுட்டிகளோடு அகப்பட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு கிழவர் விழுந்து கும்பிட்ட படத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். உங்கள் ஊர் நிலக் கணக்கில் பழைய "ஏ" பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் "டி.சி." என்று குறித்த நிலம் உங்கள் கிராமத்தில் எத்தனை ஏக்கர், இன்று யார் பேரில் பட்டா நிற்கிறது என்று தாலுகா ஆபீசுக்கு மனுப் போட்டுக் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம், நாலு பேராகப் போங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.